ரெண்டு கிலோ கழிவு

திரேசாவுக்கு ஒரு பெருமை. எந்தப் பிள்ளையையும் ஒரு தடவை தூக்கினால் போதும், இத்தனை கிலோ என்று சொல்லிவிடுவாளாம். "தெல்தோட்டையில தேயிலைக் கொழுந்து எடுத்தவ மக நான், எனக்கா எடை தெரியாது?" என்பாள். இந்தப் பெருமைதான் அவளை ஒரு தடவை குப்புறத் தள்ளியது.

இரண்டாயிரமாம் ஆண்டு அது, யுத்த காலம். கண்டிக்குள் வரவும் போகவும் சோதனைச் சாவடிதான். பஸ்ஸை விட்டு இறங்கு, அடையாள அட்டையைக் காட்டு, பையைத் திற, திரும்ப ஏறு. திரேசா மஹய்யாவயில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பிள்ளைகள் வார்ட்டில் தாதியாக இருந்தாள். அங்கே பிள்ளைகளுக்கென்று ஓர் அவசர சிகிச்சைப் பிரிவு திறக்கப் போகிறார்கள். அதில் நிற்க வேண்டுமானால் ஒரு சான்றிதழ்ப் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும். இரண்டு தடவைதான் சந்தர்ப்பம். மூன்றாவது கிடையாது.

முதல் தடவை எழுத்துப் பரீட்சையில் அவளுக்குத் தொண்ணூறு புள்ளி. செய்முறையில் மணல் அடைத்த பொம்மை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். வலிப்பு வந்த பிள்ளை, தராசில் வைக்க நேரமில்லை, என்ன எடை, எவ்வளவு மருந்து என்று கேட்டார்கள். கேட்டு வாய் மூடவில்லை, "ஒன்பது கிலோ" என்றாள் நம்ம ஆள். பொம்மை பதினொன்று. மருந்து எடைக்குத் தக்கபடிதான். எடை பிழைத்தால் மருந்தும் பிழை. போச்சு!

"அவங்க தராசு பிழை," என்று ஒரு வருசமாகச் சாதித்தாள். அந்த வாய் மட்டும் தோற்கவே தோற்காது. ஆனால் உள்ளுக்குள் பயந்துதான் போயிருந்தாள். தோட்டங்களிலிருந்து பிள்ளைகளைக் கம்பளியில் சுற்றி லொறியில் கொண்டுவருவார்கள். "புள்ளைக்கு என்னாச்சு, எப்பயிலிருந்து?" என்று அந்தத் தாயிடம் தமிழில் கேட்க வாசலில் ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆளாகத் தான் நிற்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. வேறு எதையும் அவள் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

கூட வேலை செய்த ஜெஸீமா முதல் தடவையே பாஸ் பண்ணியவள். அவளுடைய கணவர் ஹாஷிமுக்குக் கட்டுகஸ்தோட்டையில் பலசரக்குக் கடை. "வா, கடைத் தராசுல பாத்துருவோம்," என்று இழுத்துக்கொண்டு புறப்பட்டாள். மாவுச் சாக்கில் பொம்மை ஒன்று தைத்து, மணல் அடைத்து, பையில் வைத்துக்கொண்டு இருவரும் பஸ் ஏறினார்கள்.

சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் ஒருவன் பையைப் பார்த்தான். சாக்குக் கால் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "என்ன இது?" என்று சிங்களத்தில் கேட்டான். திரேசா பதற்றத்தில், "பிள்ளை" என்று சொல்லிவைத்தாள். யா அல்லாஹ்! ஜெஸீமா தலையில் கை வைத்துக்கொண்டாள். இரண்டு துவக்குகள் பையின் பக்கம் திரும்பின. பிறகென்ன, பொம்மையை வெளியே எடுத்து, வயிற்றுத் தையலைப் பிரித்து, மணலைக் காட்டி, பரீட்சைக் கதை முழுவதையும் நடுரோட்டில் சொல்லவேண்டியதாயிற்று. கேட்டுக்கொண்டிருந்த ஆமிக்காரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொம்மையைத் தூக்கிப் பார்த்து, "எத்தனை கிலோ?" என்றான்.

"எட்டு."

"பத்து இருக்கும்," என்றான் அவன்.

"இவனுக்கு என்ன தெரியும்," என்று திரேசா தமிழில் முணுமுணுக்க, ஜெஸீமா அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

கடையில் பொம்மையைத் தராசில் வைத்தார்கள். பத்து.

"ஹாஷிம் நானா, உங்க தராசும் பிழை," என்றாள் திரேசா.

அவ்வளவுதான், ஹாஷிம் துள்ளி எழுந்தார். "மிஸ்ஸி, இருபது வருஷமா கடை வெச்சீக்கிறேன். என்ட தராசப் பத்தி ஒத்தரும் வாய் தொறந்ததில்ல!" முத்திரை குத்திய படிக்கற்களைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக அவள் மூக்குக்கு நேரே ஆட்டினார். பிறகு வெங்காயப் பை ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார். ஐந்து என்றாள், ஏழு. பருப்புச் சாக்கு, பதின்மூன்று என்றாள், பதினைந்து. சாமான் வாங்க வந்தவர்கள் சாமானை மறந்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். நான்காவது பையில் கடையே சேர்ந்து, "ரெண்டு கூட்டுங்க மிஸ்ஸி!" என்று கத்தியது.

ஜெஸீமா மட்டும் சிரிக்கவில்லை. "எல்லாத்துலயும் சரியா ரெண்டு கொறையுது. ஒனக்கு எடை தெரியாம இல்ல திரேசா. ஒன்ட கை எங்கயோ ரெண்டு கிலோவக் களவெடுக்குது."

திரேசா வெங்காயப் பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். எங்கே களவு போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு ஓடுவாள். அம்மா ஆரோக்கியத்தின் சாக்கைத் தூக்கிப் பார்த்து எடை சொல்வது அவளுக்கு விளையாட்டு. சொன்னது சரியா என்று கணக்கப்பிள்ளை கூப்பிடுகிற எண்ணை வைத்துத்தான் பார்ப்பாள். அவர் ஈரத்துக்கு ஒரு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ என்று கழித்துவிட்டுத்தான் கூப்பிடுவார், அதைத்தான் அம்மா பேரில் போடுவார். வெயில் காய்ந்த நாளிலும் ஈரத்துக்குக் கழிவுதான். அந்தக் கழித்த எண்ணுக்குத்தான் இவளுடைய கை பழகியிருக்கிறது.

"படுபாவி! எங்கம்மா கொழுந்துல எடுத்தது போதாதுன்னு என் பரீட்சையிலயும் கைய வச்சிட்டானே!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஹாஷிமே பயந்துபோய் ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்தார்.

"மனசுல வாறதோட ரெண்டக் கூட்டிச் சொல்லு, முடிஞ்சுது," என்றாள் ஜெஸீமா.

"மாட்டேன். கழிச்சத நான் ஏன் கூட்டணும்? கை ஒழுங்கா சொல்லட்டும்."

பிடிவாதம்! இரண்டு மாதம் வார்ட்டில் தராசில் ஏற்றுகிற பிள்ளைகளை எல்லாம் இவளே தூக்கி ஏற்றினாள். தராசு சொல்லுமுன் இவள் சொல்வாள், பிழைத்தால் ஜெஸீமாவின் கிள்ளு. தொடை கன்றிப்போனாலும், கை மெல்ல மெல்ல வழிக்கு வந்தது.

பரீட்சை நாளில் பொம்மையைக் கையில் கொடுத்தார்கள். பத்து என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வாயை இறுக்க மூடிக்கொண்டாள். அவள் அப்படி வாயை மூடியது அதுதான் முதல் தடவை என்று ஜெஸீமா இன்றைக்கும் சொல்வாள். பொம்மையை நெஞ்சோடு அணைத்து இன்னொரு தரம் எடை பார்த்தாள். எதையும் கூட்டவில்லை, கைதான் சொன்னது.

"பன்னிரண்டு," என்று சொல்லி மருந்தின் அளவையும் சொன்னாள். தராசில் வைத்தார்கள். பன்னிரண்டேதான்.

பாஸான கடிதம் கிடைத்ததும் தெல்தோட்டைக்கு ஓடினாள். ஆரோக்கியத்துக்குப் பரீட்சை, சான்றிதழ் எதுவும் புரியவில்லை. மகள் பொம்மையைத் தூக்கி எடை சொன்னாள் என்பது புரிந்தது.

"பொம்ம எத்தன கிலோ தாயி?"

"பன்னெண்டும்மா."

"பேருல எத்தன போட்டாங்க?"

"பன்னெண்டும் போட்டாங்கம்மா," என்றாள்.

ஆரோக்கியம் மகளின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"முழுசாவா?" என்று கேட்டாள்.