சுபைதாவின் இடக்கை யன்னல்

மூதூரில் ஒரு மனிதன் நாளைக்குச் செய்கிறேன் என்று சொன்னால் அது பொய்யல்ல. எந்த நாளை என்பதுதான் நமக்குத் தெரியாது. என் பக்கத்து வீட்டு சுபைதாவின் புருஷன் அபூதாஹிர், தெருப்பக்க யன்னலின் கைபிடியை நாளைக்கு மாற்றுகிறேன் என்று ஆறு வருடம் சொன்னார். இறங்குதுறை ஜெட்டியில் லோஞ்ச் படகுக்கு டிக்கட் எழுதுவது அவர் வேலை. தினமும் லோஞ்ச் திருகோணமலை டவுனுக்குப் போய் வந்தது, கைபிடி மட்டும் வரவில்லை. அறுபத்தாறாம் ஆண்டு வைகாசியில் மூன்று நாள் காய்ச்சலில் மௌத்தாகிவிட்டார். நல்ல மனிதர். கைபிடியைத் தவிர அவரிடம் எனக்கு வேறு குறை இல்லை.

சுபைதாவுக்கு அப்போது முப்பத்துநாலு வயது, பிள்ளை இல்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். தாய் அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த வீடு அது. ஆண்பிள்ளைகள் கலியாணம் முடித்தால் பெண்சாதி வீட்டுக்குப் போய்விட வேண்டும். சுபைதாவின் காக்கா, மூத்த அண்ணன் கலீலுர் றஹ்மானும் அப்படித்தான் அந்த வீட்டில் பிறந்து, வளர்ந்து, ஒரு டிரங்குப் பெட்டியோடு கிண்ணியாவுக்குப் போனவர். அங்கே அவருக்கு நெல் வியாபாரம்.

புருஷன் போனால் பெண் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாது. சுபைதா தெருப்பக்க அறையில் இருந்தாள், அந்த வீட்டில் அறை என்று சொல்லக் கூடியது அது ஒன்றுதான், மிச்சம் அடுப்பெரிக்கும் குசினியும் பின்பக்கத் தாவாரமும். ஆனியில் மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று தொடங்கியது. யன்னல் கைபிடியில் ஒரு நாக்கு உண்டு. கைபிடியின் கையைக் கீழே இறக்கினால் அந்த நாக்கு நிலைச்சட்டத்தில் உள்ள துளைக்குள் போய் யன்னலைப் பிடித்துக்கொள்ளும். ஆறு வருடமாகத் தேய்ந்த நாக்கு, கச்சானின் மூன்றாம் நாள் முறிந்து விழுந்தது. சுபைதா கயிற்றால் கட்டினாள். காற்று அவிழ்த்தது. அலுமாரியை நகர்த்தி அண்டை கொடுத்தாள். யன்னல் அலுமாரியையும் தள்ளித் திறந்து, மாட்டு வண்டிக்காரன் ஒருவனுக்கு அறை முழுவதையும் காட்டியது. அவன் பார்க்கவில்லை என்று சத்தியம் பண்ணினான். பாயின் நிறம் முதற்கொண்டு ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காக்கா வந்தார். யன்னலைப் பார்த்தார். பிறகு சுவர்களைப் பார்த்தார். அவர் பார்த்த பார்வை எனக்கு விளங்கியது. எத்தனை மூடை நெல் அடுக்கலாம் என்று கணக்குப் பார்க்கும் பார்வை அது.

"ஆம்பிள இல்லாத வீட்டுல ஒரு யன்னலக் கூடச் சாத்தேலாது புள்ள," என்றார். "மறைவில்லாத இடத்துல இத்தா இருக்கேலாது. வாற வெள்ளி வண்டி கொண்டு வாறன். எங்களோட வந்து இரி. வீட்ட நான் பாத்துக்கொள்றன்."

கிண்ணியாவில் காக்காவின் பெண்சாதி, மதினி ஆமினா உம்மாவுக்கு ஏழு பிள்ளைகள். புருஷன் இல்லாத ஒருத்தி அந்த வீட்டில் போய் இருந்தால், எந்த மூலையில், என்ன வேலையோடு இருப்பாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

கைபிடியை மாற்றிவிட்டால் கதை முடிந்தது. ஆனால் மாற்றத் தச்சு வேலை செய்யும் ஓடாவி வேண்டும். ஓடாவி அந்நிய ஆண். வீட்டில் ஆண் துணை இல்லாமல் இத்தா வீட்டுக்குள் அவர் வரக்கூடாது. அந்நியமில்லாத ஆண் துணை என்றால் காக்காவைத்தான் கூப்பிட வேண்டும். காக்காவைக் கூப்பிட்டால் வண்டியும் வரும். இதை நான் இரண்டு நாள் யோசித்துவிட்டு, தலையிடி வந்து, பக்கத்து ஊர் கட்டைபறிச்சானுக்கு யோகலிங்கம் ஓடாவியிடம் போனேன்.

அவர் மரத்தைச் சீவிக்கொண்டே கேட்டார்: "வீட்டுக்கு உள்ள நிண்டு பாத்தா கைபிடி எந்தப் பக்கம் தங்கச்சி? இடக்கையும் வலக்கையும் வேற வேற சாமான்."

அந்த யன்னலைத் தெருவில் நின்று பத்தாயிரம் தடவை பார்த்தவள் நான். உள்ளே நின்று ஒரு தடவையும் சாத்தியதில்லை. "வலம்," என்றேன். எனக்கு அதில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

வியாழக்கிழமை அவர் லோஞ்சில் டவுனுக்குப் போய்ப் புதுக் கைபிடியோடு வந்தார். வீட்டுக்கு முன்னால் ஒழுங்கைத் தெரு வேம்பின் கீழே, யன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். திட்டம் இதுதான்: அவர் சொல்வார், நான் வாசலில் நின்று உள்ளே சொல்லுவேன், சுபைதா செய்வாள். இத்தாவில் இருப்பவளின் குரலும் வெளியே கேட்கக் கூடாது என்று ஊரில் சிலர் சொல்வார்கள். அதனால் அவள் சொல்வதை நான்தான் வெளியே சொல்ல வேண்டும். நானே உள்ளே போய்க் கைபிடியைப் பூட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஸ்க்ரூடிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"கறள் பிடிச்ச ஆணிக்கு மண்ணெண்ணெய் விட்டுக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ," என்றார்.

"மண்ணெண்ணெய் விட்டுப் பொறுக்கட்டாம்," என்றேன்.

"பொறுத்துத்தானே இரிக்கிறன்," என்றாள் சுபைதா.

"பொறுக்கிறாவாம்," என்றேன்.

பழைய கைபிடி கழன்றது. சுபைதா புதியதை வைத்துப் பார்த்தாள். பிறகு மெதுவாக என் பெயரைச் சொல்லி, "றஹ்மா, இதுட நாக்கு பிணைச்சல் பக்கம் பாக்குது," என்றாள். யன்னல் கீலைத்தான் பிணைச்சல் என்பது, நாக்கு அதற்கு எதிர்ப்பக்கம் துளையைப் பார்க்க வேண்டும்.

நான் அதைச் சொன்னதும் ஓடாவி திரும்பாமலே கேட்டார்: "நீங்கள் எங்க நிண்டு பாத்தனீங்கள்?"

"ஒழுங்கையில."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அன்றைய கடைசி லோஞ்ச் போய்விட்டது. விடிந்தால் வெள்ளி. தலைகீழாகப் பூட்டலாம், ஆனால் மூடும்போது கை மேலே நிற்கும், கச்சான் இரண்டு அடி அடித்தால் தன் பாரத்திலேயே விழுந்து திறந்துவிடும் என்றார். நான் படியில் உட்கார்ந்து அழுதேன். அவளுடைய வீட்டை என் வலக்கையால் எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்து அழுதேன்.

அப்போது யன்னல் பேசியது.

"யோகலிங்கம் அண்ணன்," என்றாள் சுபைதா, ஒழுங்கைக்கே கேட்கும்படி. "குசினி யன்னலும் இடக்கைதான். அந்தக் கைபிடி நல்லா இரிக்கி. அதக் கழட்டி இங்க பூட்டினா என்ன?"

ஓடாவி வேம்பைப் பார்த்தபடி யோசித்தார். "குசினிக்குக் கச்சான் அடிக்கிறதோ தங்கச்சி?"

"இல்ல. அது கிழக்க."

"அப்ப புதுச அங்க தலைகீழாப் பூட்டுங்கோ. காத்தில்லாத இடத்தில அது விழாது."

அதற்குப் பிறகு இருவரும் நேரே பேசிக்கொண்டார்கள். ஆணியை எவ்வளவு இறுக்குவது, பழைய துளை தளராமல் ஈர்க்குத் துண்டு வைப்பது எப்படி என்றெல்லாம். என்னை யாரும் எதையும் கேட்கவில்லை. பொழுது சாயும் மஃரிப் தொழுகைக்கு முன் இரண்டு யன்னலுக்கும் கைபிடி பூட்டியாயிற்று. ஓடாவி கடைசி வரை திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்க்ரூடிரைவரை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார், திருப்பிக் கேட்கவும் இல்லை.

மறுநாள் காக்கா வண்டியோடு வந்தார். அறையில் கதிரையை இழுத்துப் போட்டு யன்னலுக்கு எதிரே உட்கார்ந்தார். கச்சான் அன்றைக்குத் தன்னால் முடிந்ததெல்லாம் செய்தது. யன்னல் அசையவில்லை. எழுந்து போய்த் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார்.

"ஆரு பூட்டின?"

"நான்தான்."

அவர் சிரித்துவிட்டுக் குசினிக்குப் போனார். நான் அங்கே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். முக்காட்டை இழுத்துவிட்டேனே தவிர எழும்பிப் போகவில்லை. எனக்கும் பார்க்க வேண்டியிருந்தது.

"இந்தா, இது தலைகீழாக் கிடக்கு," என்றார், களவைப் பிடித்தவர் போல. "இதுக்குத்தான் ஆம்பிள வேணுமெண்டுறது."

"ஓம் காக்கா," என்றாள் சுபைதா, ஸ்க்ரூடிரைவரை நீட்டி. "நிமித்திப் பூட்டுங்களேன்."

காக்கா கழற்றினார். நிமிர்த்தினார். நாக்கு பிணைச்சலைப் பார்த்தது. திருப்பினார். கை கூரையைப் பார்த்தது. மீண்டும் நிமிர்த்தினார். தேத்தண்ணி ஆறிப் போயிற்று, அவர் சட்டை முதுகோடு ஒட்டிப் போயிற்று. ஓர் ஆணி அடுப்புச் சாம்பலுக்குள் விழுந்தது. அதைத் தேடக் குனிந்தவர் நிமிரவில்லை, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கிண்ணியாவுல ஒரு ஆணி அடிக்கிறதெண்டாலும் உன்ட மதினிட்டக் கேக்கணும்," என்றார். "அவட வீடு. நாளைக்கு மூத்த மகள்ட வீடு. பதினெட்டு வருசமா நான் விருந்தாளி. ஒரு சுவராவது எனக்கெண்டு இரிக்கட்டுமெண்டுதான் இதக் கேட்டன் புள்ள. நெல்லு வைக்க எனக்கு வேற இடம் இல்லாமலா?"

அதுவரை அந்த மனிதர் மேல் எனக்கிருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லோரும் அப்படித்தான், என் புருஷனும் என் வீட்டில்தான் இருக்கிறார். அவர் என்ன நினைக்கிறார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

சுபைதா சாம்பலில் ஆணியைத் தேடி எடுத்தாள். கைபிடியை வாங்கி மறுபடியும் தலைகீழாக வைத்து, ஆணிகளை ஒவ்வொன்றாக இறுக்கினாள். முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்: "பின் தாவாரத்துல பத்து மூடை வைக்கலாம் காக்கா. பதினொண்டு ஏலாது."

வண்டி வெறுமனே திரும்பிப் போயிற்று.

இத்தா முடிந்த பிறகு சுபைதா பாய் இழைத்தாள், கோழி வளர்த்தாள், கேட்ட வீடுகளுக்குப் போய் யன்னல் கைபிடியும் மாற்றினாள். எழுபதுகளின் கடைசியில் ஆண்கள் சவூதிக்குப் போகத் தொடங்கியதும் கேட்கும் வீடுகள் கூடின. போகிற இடமெல்லாம் உள்ளே நின்று பார்த்துவிட்டுத்தான் இடமா வலமா என்று சொல்வாள். அப்படிச் சொல்லும்போது என்னை ஒரு பார்வை பார்ப்பாள். மறு கலியாணம் பேசி வந்தவர்களிடம், மாப்பிள்ளைக்கு என்ன செய்யத் தெரியும் என்று கேட்டாள். வந்தவர்கள் அதற்கு ஆயத்தமாக வந்திருக்கவில்லை.

காக்கா பதினைந்து வருடம், எண்பத்தொன்றில் மௌத்தாகும் வரைக்கும், வெள்ளி தவறாமல் வந்தார். மூடைகளைப் பார்க்க வந்தேன் என்று வாசலிலேயே சொல்லிவிடுவார். சோறு தின்பார். தான் பிறந்த தெருப்பக்க அறையில் யன்னலைச் சாத்திவிட்டு ஒரு மணி நேரம் படுத்து எழும்புவார். பத்து மூடை ஒரு நாளும் பதினொன்று ஆகவில்லை. பல வெள்ளிகளில் தாவாரத்தில் ஒரு மூடையும் இருந்ததில்லை.