கிளமென்ட்டின் உப்பில்லாத் தவக்காலம்

1998 பங்குனிக் கடைசியில் மந்தாரக்குப்பம் டீக்கடைகளில் ஒரு செய்தி சூடாக ஓடியது. பங்குக் கோயில் மதுவிலக்குச் சபை கிளமென்ட், டூட்டியில் குடித்துவிட்டு விழுந்தாராம். ஊற்றிக் கொடுத்தது கான்ட்ராக்ட் ஆள் சிங்காரவேலாம். வாசனையே வரவில்லையே என்று கேட்டவர்களுக்கு, அது உயர்ந்த சரக்கு என்று பதில் தயாராக இருந்தது.

விசாரித்தால், விழுந்தது மட்டும் நிஜம்.

கிளமென்ட் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பார்ப்பவர், பர்மனென்ட். தவக்காலத்தில் மற்றவர்கள் கறியை விட்டால் அவர் உப்பையே விட்டார். விட்டதோடு நிற்காமல் குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கச் சொல்லியும் வைத்தார். பசித்தால் தண்ணீர், வேர்த்தால் தண்ணீர், சும்மா இருந்தால் இன்னும் கொஞ்சம்.

“உப்பு போட்ட மோரு, கொஞ்சம் குடிங்க சார். வேத்து ஊத்திகினு இருக்குது,” என்பான் சிங்காரவேல்.

“நாக்கை அடக்கத் தெரியாதவன் பேச்சு இது. போய்க் கேன்ல தண்ணி ரொப்பிகினு வா.”

குருத்தோலை ஞாயிறு முடிந்த செவ்வாயன்று, தலைவலி என்று உட்கார்ந்தவர் வாந்தி எடுத்தார். நாக்கு குழறியது. ஓடும் பெல்ட்டைப் பார்த்து, “ஸ்தோத்திரம் சாமி” என்று கும்பிட்டார். சிங்காரவேல் தன் துண்டால் அவர் வாயைத் துடைத்துத் தலையைத் தாங்கிக்கொண்டான். ஓடி வந்த ஷிப்ட் இன்சார்ஜ், “யாருய்யா ஊத்திக் குடுத்தது?” என்று கேட்க, கிளமென்ட் தெளிவாகச் சொன்ன ஒரே வார்த்தை, “சிங்காரம்.”

மறுநாளே சிங்காரவேலை வர வேண்டாம் என்றுவிட்டார் கான்ட்ராக்டர்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்த டாக்டரம்மா சிரிக்கவில்லை. “வேர்வையில உப்பு போகுது. நீங்க வெறும் தண்ணியா ஊத்தி, மிச்சம் இருந்த உப்பையும் நீர்க்க வச்சிட்டீங்க. மூளை வீங்கினா ஆளே போயிடுவீங்க. தாகத்துக்குக் குடிங்க, பேர் வாங்கக் குடிக்காதீங்க.”

மனைவி எவாஞ்சலின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊசியைவிட அது வலித்தது.

சாராயம் என்றால் ஊர் ஒரு மாதத்தில் மறக்கும். பச்சைத் தண்ணீர் குடித்து விழுந்த தவசி என்றால் ரிட்டயர் ஆகும்வரை சிரிக்கும். இப்படி அவர் மனம் கணக்குப் போட்டதும், போட்டதற்காகக் கூசியதும் அந்தக் கட்டிலில்தான். வீடு திரும்பியதும் கான்ட்ராக்டரைத் தனியாகப் பார்த்து, தலை நிமிராமல் உண்மையைச் சொன்னார். சிங்காரவேலுக்கு வேலை திரும்பியது.

“வேல குடுத்துட்டாங்க சார்,” என்றான் அவன். “டீக்கடைல இன்னும் சாராயக்காரன்னுதான் கூப்புடறாங்க. வூட்ல பொண்டாட்டியே ஒரு மாதிரி பாக்குறா. நாலு பேரு முன்னால நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்.”

“ஈஸ்டர் போவட்டும் சிங்காரம்.”

ஈஸ்டர் போனது. கிளமென்ட் இப்போது குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டுச் சாப்பிடுகிறார். டீக்கடை இருக்கும் தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டு போகிறார். சிங்காரவேலின் துண்டை எவாஞ்சலின் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். அதை அவரே அந்தக் கடையில், எல்லாரும் பார்க்கத்தான் கொடுக்க வேண்டும் என்பது அவள் உத்தரவு.

துண்டு இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.