முள் என்று நான் தோண்டியது

தர்மராஜ் என் அக்கா ரதியின் வீட்டுக்காரர். லாபு தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டுபவர். எனக்கும் அங்கேதான் வேலை. அவரோ ஐம்பத்திரண்டு வயதாகியும் சொன்ன பேச்சு கேட்காத மனிதர்.

இளவயதிலிருந்தே அவருக்கு சோரியாசிஸ். கை, முதுகெல்லாம் செதிள் செதிளாக உதிரும். ஒட்டுவாரொட்டி இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும், கல்யாண வீட்டில் அவர் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைசியில் சிரம்பான் மருத்துவமனையில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அது தோலை ஒளிக்குத் தயாராக்குமாம். இரண்டு மணி நேரம் கழித்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி, விளக்குகள் எரியும் பெட்டிக்குள் நிற்க வைத்தார்கள். சில மாதங்களில் தோல் வழவழவென்று ஆகிவிட்டது. மனிதர் அரைக்கைச் சட்டை போட ஆரம்பித்தார்! ஆனால் நோய் திரும்பத் திரும்ப வந்தது. பன்னிரண்டு வருடத்தில் முந்நூறு தடவையாவது அந்தப் பெட்டிக்குள் நின்றிருப்பார்.

மாத்திரை சாப்பிட்ட நாளில் வெயிலே படக்கூடாது என்பார்கள். இவரோ மத்தியானமே குலை வெட்ட வந்து நிற்பார். கேட்டால், "வெயிலு என்ன புதுசா லா? பொறந்ததுலேர்ந்து காயறேன்" என்பார்.

போன வருடம் அவருடைய இடது முழங்கைக்குக் கீழே சிவப்பாக ஒரு கட்டி வந்தது. எங்கள் வேலையில் செம்பனை மட்டை முள் குத்துவது அன்றாடம். உள்ளே ஒடிந்தால் கட்டியாகும். அதைத் தோண்டி எடுப்பதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு ஒரு நினைப்பு. அக்கா திட்டுவாள் என்று தோட்டத்திலேயே ஊசியைச் சுட்டுக் குத்தினேன். இரத்தம்தான் வந்தது. மூன்று வாரம் கழித்து மறுபடியும் குத்தினேன்.

"வலிக்குதா மச்சான்?"

"இல்லடா. அதான் ஆச்சரியமா இருக்கு."

வலிக்காத முள் எங்கேயாவது உண்டா? என் மரமண்டைக்கு அது எட்டவில்லை. கட்டி திராட்சை அளவு ஆன பிறகு அக்கா சத்தம் போட்டு எங்களை மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள்.

தோல் புற்றுநோய் என்றார்கள். அபூர்வமான வகை, வேகமாகப் பரவக்கூடியது.

"இத்தன வருஷ லைட்டும் வெயிலும் சேந்து வந்திருக்கலாம். அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர் ரோகினி. "அக்குளுக்குப் பரவிடுச்சு. ரெண்டு மாசம் முன்னாடி வந்திருக்கணும். சரி, இத யாரு குத்துனது?"

அக்கா பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"நான்தான் டாக்டர்" என்றார் மச்சான். "என் கையாலயே குத்திக்கிட்டேன். இவன், புவனேஸ்வரன், வேணாம்னுதான் சொன்னான், நான் கேக்கல."

அக்கா அழுதுகொண்டே அவரைத் திட்டித் தீர்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கங்கெட்டவன்.

கட்டியை வெட்டி எடுத்துவிட்டார்கள். இனி ஒளி சிகிச்சை கிடையாது. செதிள் திரும்ப வந்துவிட்டது. இப்போது ரேடியேஷன் நடக்கிறது. தினமும் நான்தான் காரில் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறேன். திரும்பி வந்ததும் அக்கா எனக்கு டீ போட்டுத் தருவாள்.

"ஒன்ன மாரி தம்பி யாருக்குக் கெடைக்கும்?" என்பாள்.

மச்சான் என் பக்கம் பார்க்காமல் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொள்வார். நான் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புவேன்.