கேபிள்காரம்மா வைத்த முறை

திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே வாய்க்காலை ஒட்டிய ஊர் அது. நாலு தெரு, அறுபத்திரண்டு இன்டர்நெட் இணைப்பு. அறுபத்திரண்டும் செவ்வந்தி கொடுத்தவை. வீட்டுக்கு வீடு டிஷ் வந்து கேபிள் டிவி தொழில் படுத்துக்கொண்டபோது, அவள் வீட்டுக்காரர் நெடுமாறன் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். செவ்வந்தி உட்காரவில்லை. தஞ்சாவூருக்குப் போய் மூன்று நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு, பைபர் ஒட்டுகிற மெஷினை மடியில் வைத்தபடி பஸ்ஸில் வந்து இறங்கினாள். இப்போது வயது நாற்பத்தாறு. சுடிதாருக்கு மேல் புருஷனின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு கம்பத்தில் ஏணி சாய்த்து ஏறினால், கீழே நிற்கிற ஆண்களுக்குத்தான் தலை சுற்றும். கேபிள் போய்ப் பல வருஷம் ஆகியும் ஊருக்கு அவள் கேபிள்காரம்மாதான்.

அந்தப் பயிற்சியில் இன்ஜினியர் ஒரு கணக்கு சொன்னார். வீட்டுக்கு ஐம்பது எம்பி, நூறு எம்பி என்று விற்கலாம். ஆனால் ஊர் முழுக்க வரப்போவதே நூறு எம்பிதான். அதெப்படி என்று கூட இருந்தவர்கள் முழித்தார்கள். செவ்வந்திக்கு அரை நிமிஷத்தில் பிடிபட்டுவிட்டது. எல்லா வயலும் ஒரே நேரத்தில் மடை திறப்பதில்லை. திறந்தால் தகராறுதான். இதற்குப் போய் ஒரு இன்ஜினியர் படிப்பா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

தகராறு இந்தப் புரட்டாசியில் வந்தது. சாயங்காலம் ஆறு மணியானால் ஊர் முழுக்க நெட் நொண்டியடித்தது. சீரியல் சுற்றிச் சுற்றி நின்றது. தெற்குத் தெருக்காரர்கள் உடனே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். லைன் மேலத்தெருவில்தான் ஊருக்குள் நுழைகிறது. அங்கே இருக்கிறவர்கள் முதலில் இழுத்துக்கொள்கிறார்கள். கடைசியில் இருக்கிற நமக்குச் சொட்டுகிறது. பைபர் வாய்க்கால் மாதிரி இல்லை, தலைப்பில் இருந்தாலும் கடைமடையில் இருந்தாலும் அதில் ஒன்றுதான் என்று செவ்வந்தி எத்தனை சொல்லியும் ஒருத்தர் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால், அவளுக்கே பாதி நம்பிக்கை இல்லை. தெற்குத் தெருவில் பிறந்தவளுக்கு இந்த விஷயத்தில் மேலத்தெருமேல் சந்தேகம் தாய்ப்பாலோடு வந்தது.

அதற்குக் காரணமும் உண்டு. அவளுக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது, அப்பா காத்தான் முதல் முறையாகக் கூலிக்குப் போகாமல் மூன்று மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சம்பா நட்டார். வாய்க்காலின் கடைசி வயல். கதிர் வாங்குகிற நேரத்தில் அவர் முறைத் தண்ணீர் வந்து சேரவில்லை. நெல்லெல்லாம் பதராகப் போனது. வாய்க்கால் தலைப்பில் வயல் வைத்திருந்த மேலத்தெரு சாரங்கபாணிதான் ராத்திரி வாய்க்காலை அடைத்துத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார் என்று ஊர் பேசியது. அவர் கோயில் வாசலில் நின்று, நான் இல்லை என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

ஆகவே, நெட் யாரிடம் போகிறது என்று ஆபீஸ் பெட்டியில் பார்க்க உட்கார்ந்தபோது, அவள் மனசு மேலத்தெருவைத்தான் எதிர்பார்த்தது. பெட்டி பழசு. தெருவாரியாக மட்டும்தான் சொல்லும். சொன்னது தெற்குத் தெரு! நூறில் அறுபது அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. தெருவில் இறங்கி விசாரித்துக்கொண்டே போனால், கடைசி வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போனோடு தமிழ்நிலா விளையாடிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, ஊரு தண்ணி பூராவும் உன் வயல்லயா பாயுது?" என்றாள் செவ்வந்தி.

தமிழ்நிலாவுக்கு இருபத்திநாலு வயது. தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் படித்தவள். பதறிப்போய் எழுந்து விளக்கினாள். "விளையாட்டு இந்த லேப்டாப்ல ஓடல அத்தை. மும்பைல ஒரு பெரிய கம்ப்யூட்டர்ல ஓடுது. படம் மட்டும்தான் இங்க வருது. நான் ஒரு பட்டனை அமுக்கினா அங்க போய், படமா திரும்பி வரணும்."

"சினிமாவும் படமாத்தானே வருது? அது இவ்வளவு குடிக்கலியே."

"சினிமான்னா அடுத்த சீன் என்னன்னு தெரியும், முன்னாடியே கொஞ்சம் பிடிச்சு வச்சுக்கும். நான் அடுத்து எந்தப் பக்கம் திரும்புவேன்னு எனக்கே தெரியாதே. அதனால விடாம ஓடிக்கிட்டே இருக்கணும். அவங்க கேக்கிற தரத்துல அறுபது எம்பி. ஒரு நொடி குறைஞ்சாலும் படம் கட்டம் கட்டமா உடைஞ்சிடும்."

விளையாட்டுக்காக விளையாடவில்லை அவள். ஒரு விளையாட்டுக் கம்பெனியில் சோதித்துப் பார்க்கிற வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். வீட்டிலிருந்தே பார்க்கலாம். நானூறு பேரில் பன்னிரண்டு பேரை எடுத்திருந்தார்கள். அதில் இவள் ஒருத்தி. கடைசித் தேர்வு வருகிற சனிக்கிழமை, நாலிலிருந்து ஆறு மணிவரை. கம்பெனியின் புது விளையாட்டை ஆடிக்கொண்டே அதில் உள்ள குறைகளை எழுத வேண்டும். லைன் படுத்தால் வேலை போச்சு.

செவ்வந்தி தஞ்சாவூருக்குப் போன் போட்டுக் கூடுதல் எம்பி கேட்டாள். மெயின் லைனையே மாற்ற வேண்டும், மூன்று மாதமாகும் என்றார்கள். தேர்வுக்கு நாலு நாள்தான் இருந்தது. அன்றைக்கு யாருக்கும் சொல்லாமல் அறுபத்தொரு வீட்டு லைனையும் பிடுங்கிவிட்டு, பழுது என்று சொல்லிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது? நெடுமாறன் அதைத்தான் சொன்னார்.

"சொல்லாம அடைக்கிற வேலை என்கிட்ட கிடையாது" என்றாள் செவ்வந்தி. "முறை வைக்கிறேன்."

தண்ணீர் குறைந்த வருஷங்களில் வாய்க்காலில் முறை வைப்பார்கள். இந்த வயலுக்கு இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை. மற்றவர்கள் அதுவரை மடையை அடைத்துக்கொள்ள வேண்டும். அதே மாதிரி, சனிக்கிழமை நாலு முதல் ஆறுவரை தமிழ்நிலா முறை என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். அன்றைக்குப் பார்த்துக் கிரிக்கெட் மேட்ச் வேறு. சிலர் முனகினார்கள், சிலர் கேலி பேசினார்கள். ஆனால் முறை என்று சொன்ன பிறகு அந்த ஊரில் யாரும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். அது ரத்தத்தில் ஊறியது.

சாரங்கபாணி மட்டும் பிடி கொடுக்கவில்லை. எழுபத்தைந்து வயது. தோகாவில் இருக்கும் மகன் பிரபு வாங்கிக் கொடுத்த டிவி, சுவரை அடைத்துக்கொண்டு நின்றது.

"சனிக்கிழமை அஞ்சு மணிக்குத்தானேம்மா பேத்தி பேசுவா. வாரத்துக்கு ஒரு தடவை. இந்த டிவியில பார்த்தா பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கும்."

"ஒரு வாரம்தான் சார்." அப்பா அவரை ஆண்டே என்பார். செவ்வந்தி இணைப்பு கொடுத்த நாளிலிருந்து சார்தான்.

"பார்ப்போம்" என்றார் அவர். அந்த 'பார்ப்போம்' அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்குத் தமிழ்நிலா வீட்டு வாசலில் செவ்வந்தி போனும் கையுமாக நின்றாள். போனில் தெருவாரியாகக் கணக்கு ஓடியது. தெற்குத் தெரு அறுபது. எவ்வளவு அடைத்தாலும் கசிகிற கசிவு, எல்லாத் தெருவிலும் சேர்த்து இருபது. மடைக்குக் காவல் நிற்கிறவள் மாதிரி அவள் அந்த எண்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் ஊரே அடங்கிக் கிடந்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐந்து பத்துக்கு மேலத்தெரு திடீரென்று முப்பதுக்கு ஏறியது. உள்ளிருந்து தமிழ்நிலாவின் குரல் கேட்டது. "அத்தை, உடையுது! உடையுது!"

பேத்தி வந்துட்டா, என்று பல்லைக் கடித்தாள் செவ்வந்தி. அப்பனுக்குச் செய்ததை இன்னைக்குத் தமிழ்நிலாவுக்குச் செய்கிறான் மனுஷன். ஸ்கூட்டர் எப்படி ஸ்டார்ட் ஆனது, எப்படித் தெரு திரும்பியது என்று அவளுக்குத் தெரியாது. மேலத்தெரு முனையில் இருக்கும் தன் ஆபீஸைக்கூடப் பார்க்காமல் பறந்தாள். சாரங்கபாணி வீட்டுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டாள்.

டிவி இருட்டாக இருந்தது. சாரங்கபாணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுற்றி, மடியில் வைத்திருந்தார். சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார்.

"என்னம்மா, நேரம் முடிஞ்சிடுச்சா?"

செவ்வந்தி குனிந்து காலில் கிடந்த செருப்பைப் பார்த்தாள். "இல்ல சார்... சும்மா..." என்று பின்னாலேயே நகர்ந்து வாசலுக்கு வந்தாள். வந்த பிறகுதான் கண்ணில் பட்டது: ஆபீஸ் ஷட்டர் முழங்கால் உயரத்துக்குத் திறந்திருந்தது. உள்ளே நெடுமாறன், வேர்க்கடலையை உரித்துப் போட்டுக்கொண்டு, வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காக வைத்திருக்கும் பெரிய டிவியில், உள்ளதிலேயே உயர்ந்த தரத்தில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல அடைச்சிட்டேனே! முறை வீட்டுக்குத்தானே? ஆபீஸுக்குமா?" என்று பரிதாபமாகக் கேட்டார் மனுஷன்.

செவ்வந்தி பிளக்கை இழுத்த வேகத்தில் கடலைத் தட்டும் கீழே விழுந்தது. மணி ஐந்து பதினேழு. ஏழு நிமிஷம் போயிருந்தது. ஊரையே அடைக்கச் சொன்னவளின் சொந்த மடை திறந்து கிடந்த ஏழு நிமிஷம். அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நெடுமாறனுக்குச் சோறே கிடைக்கவில்லை.

பதினொரு நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. வேலை கிடைத்துவிட்டது! படம் உடைந்தபோது தமிழ்நிலா அழுதுகொண்டு உட்காரவில்லை. ஐந்து பத்திலிருந்து பதினேழுவரை படம் உடைந்தது, குறை எங்கள் ஊர் லைனில், உங்கள் விளையாட்டில் இல்லை என்று நிமிஷக் கணக்கோடு எழுதிவிட்டு, தொடர்ந்து ஆடியிருக்கிறாள். அந்தக் குறிப்பு அவர்களுக்குப் பிடித்துவிட்டது. செவ்வந்தி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு இருவரும் முறை கொடுத்த வீட்டுக்கெல்லாம் ஜாங்கிரி கொண்டு போனார்கள்.

சாரங்கபாணி வீட்டுக்கு மட்டும் செவ்வந்தி தனியாகப் போனாள். செருப்பை வாசலில் விட்டாள்.

"சார், அன்னைக்கு நான் சும்மா வரல. நீங்கதான் திறந்துட்டீங்கன்னு சண்டை போட வந்தேன். திறந்தது எங்க ஆபீஸ். என்னை மன்னிச்சிடுங்க."

சாரங்கபாணி ஜாங்கிரியை வாயில் போடாமல் கீழே வைத்தார்.

"நீ உள்ள வந்த வேகத்திலயே எனக்குத் தெரிஞ்சிதும்மா. நீ சந்தேகப்பட்டது அன்னைக்குத் தப்பு. ஆனா அந்தச் சம்பாவுக்குச் சந்தேகப்பட்டியே, அது தப்பு இல்ல." எழுந்து மேல்துண்டை எடுத்தார். "அப்பா வீட்டுல இருக்காரா?"

செவ்வந்தி ஸ்கூட்டரை எடுத்தாள். அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தார். மேலத்தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

காத்தான் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வந்தவரைப் பார்த்து எழுந்திருக்கப் போனார். சாரங்கபாணி கையமர்த்தினார்.

"காத்தான், உங்க முறையில வாய்க்காலை அடைச்சது நான்தான். கோயில் வாசல்ல பொய் சொன்னேன்."

காத்தான் அவரை நிமிர்ந்து பார்த்தார். 

"எனக்கு அன்னைக்கே தெரியும். நீங்களா வந்து சொல்றீங்களான்னுதான் இருபத்தேழு வருஷமா பார்த்துக்கிட்டிருக்கேன்."

செவ்வந்தி உள்ளே போய் ஒரு நாற்காலி எடுத்து வந்து போட்டாள்.