ஒரு காலனுக்கு நாற்பது

என் ஓரகத்திக்குக் கார் ஓட்டத் தெரியாது. தினமும் ஓட்டினாள், அது வேறு விஷயம். கிளட்ச் மேல் வைத்த காலை எடுக்கவே மாட்டாள். காலையில் வண்டியைக் கிளப்ப இழுத்த சோக்கைத் திரும்ப உள்ளே தள்ள மறந்துவிட்டு, கறுப்புப் புகையோடு கடற்கரை வரை போவாள். தெருமுனையில் ஒரு கோழி நின்றால் போதும், ஹாரனும் பிரேக்கும் ஒன்றாக அலறும். அப்படிப்பட்டவளின் வண்டி ஒரு காலன் பெட்ரோலுக்கு நாற்பது ஓடியது. என் வண்டி இருபத்துநான்கு ஓடியது. இதை எழுதும்போதுகூட எனக்கு வயிறு எரிகிறது.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போய் மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் இரண்டு மருமகள்களும் ஒரே வீட்டில் இருந்தோம். மூத்தவள் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில், கடல் தாண்டி எங்கோ இருந்தார். ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு துரையிடம் வாங்கிய பிரெஞ்சுக் காரை, ஒரு லீவில் வந்தபோது மனைவிக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்து, அவளிடமே விட்டுவிட்டுப் போயிருந்தார். என் வண்டி அப்படி வந்ததல்ல. விழுப்புரத்தில் அரிசி மில் வைத்திருந்த என் அப்பா, மில் களத்தில் நெல் காயாத நாட்களில் எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். கல்யாணத்துக்குச் சென்னையிலிருந்து ஓர் இங்கிலீஷ் கார் வாங்கிக் கொடுத்தார். என் கணவருக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி. எதிரே வருவது மாடா மனிதனா என்று என்னைத்தான் கேட்பார். அதனால் எங்கள் வண்டியை ஓட்டியது நான்தான்.

ஒரு வீட்டில் கார் ஓட்டும் பெண்கள் இரண்டு பேர் என்றால் ஊரே வேடிக்கை பார்த்தது. ஆனால் பார்த்தது அவளை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கான்வென்ட்டில் படித்த பிரெஞ்சில் பெட்ரோல் பங்க் ஆளுக்கு ஒரு 'மெர்சி' சொல்லுவாள். அவன் பல்லை இளித்துக்கொண்டு அவள் கண்ணாடியை முன்னும் பின்னும் துடைப்பான். பின்னால் நிற்கும் என் வண்டியை ஒரு பூச்சிகூட மதிக்காது.

எங்கள் மாமனார் பிரெஞ்சு சர்க்காரின் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. ஆனால் காரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். ஒரு வருஷம் ஆயுத பூஜையன்று இரண்டு வண்டிக்கும் மாலை போட்டு, சக்கரத்துக்கு ஒன்றாக எட்டு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, இரண்டு பூசணிக்காய் உடைத்தோம். திருஷ்டி கழித்த கையோடு அவர் ஒரு குண்டைப் போட்டார்.

"ஒரு வீட்டுக்கு ரெண்டு காரு எதுக்கு? நாம இன்னா டாக்ஸியா ஓட்டறோம்? எது பெட்ரோல் கம்மியா குடிக்குதோ அது இருக்கட்டும். அடுத்த ஆயுத பூஜைக்கு இந்த வீட்டுல ஒரு வண்டிக்குத்தான் பொட்டு."

அந்த வண்டிதான் எனக்கு விழுப்புரம். அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு உடைந்து படுத்திருந்தாள். ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை யாரையும் கேட்காமல் சாவியை எடுத்துக்கொண்டு போய், அவளுக்குத் தலை பின்னிவிட்டு வருவேன். மருமகளைப் பஸ்ஸில் அனுப்புகிற வீடு இல்லை அது. வண்டி போனால் அம்மாவைப் பார்க்க நான் ஓரகத்தியின் தயவில் நிற்க வேண்டும்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு சடங்கு. அவள் முன்னால் போய் டாங்க்கைக் கழுத்து வரை நிரப்பிக்கொண்டு வருவாள். அப்புறம் நான் போவேன். மீட்டர் எவ்வளவு ஏறியிருக்கிறது, எத்தனை காலன் பிடித்தது என்று வகுத்து, சாப்பாட்டு வேளையில் மாமனாரிடம் சொல்ல வேண்டும்.

"பெரியவளே, எவ்ளோ?"

"நாப்பது மாமா."

"சின்னவளே?"

"இருபத்தி நாலு."

"ம்" என்பார். அந்த 'ம்' இருக்கிறதே, அதற்கு அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

விட்டேனா? மில்காரன் மகள் நான். சாவி கையில் இருக்கும்வரை விடமாட்டேன் என்று முந்தானையை இழுத்துச் செருகினேன். விடிந்ததும் டயர் சூடேறும் முன் காற்றழுத்தம் பார்த்தேன். முன் இரண்டும் தளர்ந்திருந்தன. தளர்ந்த டயர் என்பது சேற்றில் நடப்பது மாதிரி, வண்டிக்கு மூச்சு வாங்கும். பிளக்குகளைக் கழற்றி, உப்புத்தாளால் கரியைத் தேய்த்து, இடைவெளியைச் சரிசெய்து மாட்டினேன். காற்று வடிகட்டியைப் பிரித்தால் லாஸ்பேட்டை செம்மண் முழுக்க அதில்தான் இருந்தது. கழுவிப் போட்டேன். பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினேன், சுற்றவில்லை. பிரேக் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது பாவம். அதையும் தளர்த்தினேன். டிக்கியில் கிடந்த மில் சாக்குகளையும் பழைய சங்கிலியையும் இறக்கினேன்.

ஓட்டுவதையும் மாற்றினேன். வண்டி நகர்ந்த கையோடு சோக்கை உள்ளே தள்ளினேன். ஆக்ஸிலரேட்டரில் காலை மிதிக்காமல் வைத்தேன். கியரை அது முனகும் முன் மாற்றினேன். தூரத்தில் மாட்டு வண்டி தெரிந்தால் இங்கேயே காலை எடுத்து, பிரேக் இல்லாமலே அதன் பின்னால் போய்ச் சேர்ந்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தால் என்ஜினை அணைத்தேன். இருபதைத் தாண்டுவதில்லை. சைக்கிள்காரர்கள் எல்லாம் முந்திக்கொண்டு போனார்கள்.

"இதுக்கு நடந்தே போயிடலாம்" என்றார் என் கணவர்.

"இறங்கி நடங்க. எடை குறையும்" என்றேன்.

இருபத்தைந்து ஆயிற்று. பிறகு இருபத்தாறு. பொங்கல் போய்ச் சித்திரை வருவதற்குள் இருபத்தேழு. எனக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பாட்டில் சொன்னேன். மாமனார் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே, "பெரியவ நாப்பதும்மா" என்றார். அவள் குனிந்து அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு பெருமையும் இல்லை முகத்தில். பெருமைப்பட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

அப்புறம்தான் எனக்குப் புத்தி கெட்டது. கார்புரேட்டர் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிப் பெட்ரோலைக் குறைத்தேன். ஒரு வாரம் இருபத்தெட்டு வந்தது. மறுவாரம் நடுரோட்டில் வண்டி பட்டாசு மாதிரி வெடித்து, கொதித்து, நின்றது. மீன்கூடைக்காரிகள் நாலு பேர் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தள்ளிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஓரகத்தி கடந்து போனாள், சோக் புகையோடு. நிறுத்தி, "ஏறிக்கோ, வீட்டுல விட்டுடறேன்" என்றாள்.

"உன் வண்டியில நான் ஏற மாட்டேன் அக்கா. நீ போ."

ஏறியதே இல்லை அதுவரை. கோயிலுக்கு ஆனாலும் கல்யாணத்துக்கு ஆனாலும் அவள் முன்னால் போவாள், நான் தனியாக என் வண்டியில் பின்னால் போவேன். அதன் கதவைக்கூட நான் திறந்ததில்லை. திருகைப் பழையபடி திருப்பி வைத்து வண்டியைச் சரிப்படுத்திக்கொண்டேன். ஆனால் நாற்பது எங்கே, இருபத்தேழு எங்கே? ஆவணியில் மாமனார் ஆள் கூட்டி வந்தார். பண்ருட்டி வியாபாரி ஒருவர். பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "அடேயப்பா, புதுசு மாதிரி வச்சிருக்கீங்களே" என்றார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வண்டி தெருவைத் தாண்டும் சத்தம் கேட்டது. அவர் இரண்டாவது கியரிலேயே இழுத்துக்கொண்டு போனார்.

புரட்டாசியில் அம்மாவுக்கு முடியவில்லை என்று ஆள் வந்தது. வேறு வழியில்லை.

"அக்கா, விழுப்புரம் போவணும்" என்றேன். அந்த மூன்று வார்த்தையைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"அதுக்கென்ன, வா, கூட்டிக்கினு போறேன்" என்றாள் உடனே.

முதல் தடவையாக அவள் வண்டியில், அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மீட்டர் கண்ணாடியில் தடியாக ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். பட்டாளத்துக்குக் கிளம்பும் நாளில் அவள் கணவர் தன் கையால் வைத்தது. அது உதிராமல் வெள்ளிக்கிழமை தோறும் அதன் மேலேயே அவள் புதிதாக வைத்துவந்தாள். கிளம்பும்போது மீட்டர் எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டேன். பழக்கதோஷம்.

எங்கள் வீட்டு வாசலிலிருந்து அப்பாவின் மில் வாசல் இருபத்துநான்கு மைல். எத்தனை சனிக்கிழமை ஓட்டியிருக்கிறேன், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மில் வாசலில் அவள் வண்டி நின்றபோது மீட்டர் முப்பத்தொன்பது ஏறியிருந்தது.

முதலில் மீட்டர் கெட்டுப்போயிருக்கிறது என்றுதான் நினைத்தேன். அப்புறம் என் கண் அந்தப் பொட்டின் மேல் போயிற்று. என்ன தோன்றியதோ, முந்தானையை எச்சிலில் நனைத்து அழுத்தித் துடைத்துவிட்டேன். அடியில், சின்னதாக, இரண்டு எழுத்து. கே, எம்.

கிலோமீட்டர்! துரை ஓட்டிய வண்டியில் வேறு என்ன இருக்கும்? பெட்ரோல் இந்தியக் காலனில் வந்தது, ஊர் வாயில் மைல் வந்துவிட்டது, அவள் மீட்டர் மட்டும் பொட்டுக்கு அடியில் பிரெஞ்சாகவே இருந்திருக்கிறது. அவளுடைய நாற்பது கிலோமீட்டர் என் கணக்கில் இருபத்தைந்து மைல். நான் ஓட்டியது இருபத்தேழு.

"அக்கா!" என்று கத்தினேன். "பாரு! பாரு இதை!"

அவள் பார்த்தது எழுத்தையல்ல. என் முந்தானையில் இருந்த குங்குமத்தைப் பார்த்தாள்.

"ஐயோ பாவி, அவரு வச்ச பொட்டுடி! அவரு பட்டாளத்துல இருக்குறாரு, நீ பொட்ட அழிக்கிறியே!" என்று ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழத் தொடங்கினாள். மில் ஆட்கள் ஓடி வந்தார்கள். அப்பா வந்தார். உள்ளே படுத்திருந்த அம்மாகூட, "இன்னாடி பண்ண அந்தப் பொண்ண?" என்று கேட்டாள். ஒருவரும் மீட்டரைப் பற்றிக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமனாரை வண்டிக்கே இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். வேலையில் இருந்த காலமெல்லாம் கிலோமீட்டரில் வாழ்ந்த மனுஷன், அவருக்குப் புரியாமல் இல்லை. நிமிர்ந்து, "போனது போச்சு. அதுக்காக, பட்டாளத்துக்காரன் வச்ச பொட்டைத் துடைப்பாங்களாம்மா?" என்றார்.

என் கணவரிடம் சொல்லி அழுதேன். அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"அப்போ நீதான் ஜெயிச்சிருக்க" என்றார்.

"ஜெயிச்சவ வண்டி பண்ருட்டியில பலாப்பழம் ஏத்திக்கினு போவுது!"

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

சில நாளில் ஆயுத பூஜை வந்தது. வாசலில் ஒரே வண்டி. பக்கத்தில் என் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது, அதன் மேலும் யாரோ கோலம் போட்டிருந்தார்கள். மாமனார் சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்.

"துடைச்ச கையால நீயே வச்சிடும்மா. மனசு ஆறும்."

யாருடைய மனசு என்று சொல்லவில்லை. ஓரகத்தி எனக்கு இடம் காட்டினாள். "அதே எடத்துல" என்றாள். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடல் தாண்டி இருப்பவருக்கு ஒன்று ஆகிவிட்டால் என் தலையில்தான் விடியும். அந்த இரண்டு எழுத்தின் மேல் சந்தனத்தை அப்பினேன், நடுவில் குங்குமம் வைத்தேன்.

பழக்கத்தில் மார்க்கெட்டிலிருந்து எட்டு எலுமிச்சம்பழம் வாங்கி வந்திருந்தேன். நான்கு போதும் என்றார்கள். மிச்ச நான்கையும் அவள் ஊறுகாய் போட்டாள். நன்றாக இருந்தது என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நான் தொடவில்லை.