சக்கரத்துக்கு அடியில் ஒரு தாள்

செல்வநாயகம் இறந்த செய்தி எனக்குத் தாம்பரம் ரயில் நிலைய மேம்பாலப் படிக்கட்டில் கிடைத்தது. கூட்டத்தில் முட்டி மோதி இறங்கிக்கொண்டிருந்தவனைப் பின்னாலிருந்து ஒருவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். பாஷா. பத்து வருடங்களுக்கு முன்பு பல்லாவரத்தில் ஒரு கல்குவாரியில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் டிரைவர், நான் பொறியாளர்.

"நாயகம் அண்ணன் பூட்டாரு சார். நேத்து மத்தியானம். சாப்ட்டு கை கழுவிகினு இருந்தாராம், அப்டியே சாஞ்சிட்டாரு. உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு தோணிச்சி."

"எனக்கு எதுக்கு மொதல்ல?"

"உங்களுக்குத்தான் அவரக் கண்டா ஆவாதே."

உண்மைதான். அவர் இறந்துவிட்டார் என்பதற்காக அதை நான் இப்போது மாற்றி எழுதப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை முடிச்சூர் சாலையில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வாசலில் ஆளுக்கொரு நோட்டீஸ் கொடுத்தார்கள். நாயகத்தின் படம், அதற்குக் கீழே 'யார் மனமும் நோகாமல் வாழ்ந்த பண்பாளர்'. தலைமை வகித்தவர் குவாரி முதலாளி ஏழுமலை. மிக்சர் தின்ற கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "நாயகம் என் கூடப் பொறந்தவன் மாதிரி" என்று பேசினார். நீங்கள் தலையாட்டினீர்கள். உங்களில் பாதிப் பேரை நாயகம் தன் பட்டறை வாசலிலேயே நிற்க வைத்து அவமானப்படுத்தியிருக்கிறார். உங்களுக்கு அது மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை.

நாயகம் வண்டிகளுக்கு ஸ்பிரிங் கட்டுபவர். ஜீப், வேன், பிக்கப் எதுவானாலும் அடியில் இருக்கும் பட்டை ஸ்பிரிங்கைக் கழற்றி, பிளேட் பிளேட்டாகப் பிரித்து, வளைத்து, மறுபடி அடுக்கிக் கட்டுவார். ஒருமுறை ஒருவர் மலைப்பாதையில் ஓட்டுவதற்காக ஜீப்பைக் கொண்டுவந்தார். பர்மா பஜாரில் வாங்கிய மஞ்சள் நிற ஷாக் அப்சார்பர்கள் நான்கு, ஒவ்வொன்றும் முழங்கை நீளம். பழைய குட்டை ஸ்பிரிங்குக்கு அவற்றை மாட்டச் சொன்னார். நாயகம் ஒன்றைக் கையில் வாங்கி இழுத்துப் பார்த்தார்.

"சட்டைக் கை நீளமா தெச்சிக்கினா உன் கை நீண்டுடுமா? ஸ்பிரிங்கு எறங்குற தூரந்தான் சக்கரம் எறங்கும். இத்த வூட்ல மாட்டி வெச்சிப் பாரு, அழகா கீது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இதுதான் யார் மனமும் நோகாமல் வாழ்ந்த அழகு.

எண்பத்தேழில் ஏழுமலை ஒரு பிக்கப் வாங்கினார். குவாரிப் பள்ளத்துக்குள் இறங்கும் சரிவில் குடிதண்ணீர், துளைபோடும் கம்பிகள், கல் சுமக்கும் பெண்கள் எல்லாம் அதில்தான் போகவேண்டும். வழியெங்கும் பாறைத்துண்டுகள். வண்டியை அந்தத் தரைக்கு ஏற்றபடி மாற்றும் பொறுப்பு எனக்கு. படம் வரைந்தேன், கணக்குப் போட்டேன். பின்பக்கம் இரண்டு பிளேட் கூடுதல். அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து உயரம். அந்த வட்டாரத்தில் எல்லோரும் செய்வதுதான். பாரம் தாங்கும், பார்க்கவும் கம்பீரமாக இருக்கும். ஒரு லாரிப் பட்டறையில் அப்படியே செய்து வாங்கினேன். ஏழுமலைக்கு வண்டி பிடித்துப்போயிற்று. சரிபார்த்துவிடலாம் என்று நாயகத்தைக் கூப்பிட்டதும் நான்தான். என்னைப் பாராட்டுவார் என்று நினைத்தேன்.

அவர் வண்டியின் உயரத்தைப் பார்க்கவே இல்லை. முன்பக்கத்து இடது சக்கரத்தை ஒரு பாறைமேல் ஏற்றி நிறுத்தச் சொன்னார். என் கையிலிருந்த அன்றைய செய்தித்தாளைக் கேட்காமலே உருவினார். குனிந்து, அதே பக்கத்துப் பின்சக்கரத்துக்கு அடியில் அதைத் தள்ளினார். தாள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்துவிட்டது.

"இன்னா சார், மூணு சக்கர வண்டி பண்ணி வெச்சிக்கிறீங்க?"

கல் உடைப்பவர்கள், பெண்கள், ஏழுமலை எல்லோரும் சிரித்தார்கள். கன்னியம்மா என்ற பெண் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நாயகம் சிரிக்கவில்லை. "ஏறுறத எல்லாரும் பாக்குறாங்க. எறங்குறத எவனும் பாக்குறதில்ல. பள்ளம் வந்தா சக்கரமும் கூடவே எறங்கணும். தொங்குற சக்கரத்துக்கு பிரேக்கும் கெடையாது, ஒண்ணும் கெடையாது" என்றார். அவர் சொன்ன மாற்று இது: கூடுதல் பிளேட்டையும் கட்டையையும் எடுத்துவிட வேண்டும். நீளமான, மெல்லிய பிளேட்டுகளாகக் கட்டவேண்டும். ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு பிணைக்கும் ஷேக்கிளும், ஷாக் அப்சார்பரும், பிரேக் ஓஸ் குழாயும் அதற்கேற்ற நீளத்தில் வேண்டும். ஒரு நடையில் பாதிப் பாரம்தான் ஏற்றலாம்.

பாதிப் பாரம் என்றதும் ஏழுமலையின் முகம் மாறியது. "இன்ஜினியர், நீ இன்னா சொல்ற?" என்று என்னைக் கேட்டார். நாயகம் சொல்வது சரி என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. ஆனால் சிரிப்புச் சத்தம் காதில் இருந்தது. "நம்ம வேலைக்கு இது போதும்" என்றேன். "இதுல ஆள ஏத்தாதீங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு நாயகம் சைக்கிளை எடுத்தார்.

நான்காவது மாதம் அந்தச் சரிவில் வண்டி ஒரு பாறைத்துண்டில் ஏறியது. பின்சக்கரம் அந்தரத்தில் நிற்க, பாஷா பிரேக்கை மிதித்தும் நிற்காமல் சறுக்கிப் பக்கவாட்டில் சாய்ந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த கன்னியம்மாவின் வலது கை முழங்கைக்குக் கீழே நசுங்கிப்போயிற்று.

விசாரணைக்கு அதிகாரி வந்தபோது ஏழுமலை ஒரு வாக்குமூலம் தயாராக வைத்திருந்தார். டிரைவர் குடித்திருந்தான் என்று அதில் எழுதியிருந்தது. பாஷா குடிக்கமாட்டார். குவாரியில் அது தெரியாதவர்கள் இல்லை. நான் கையெழுத்துப் போட்டேன்.

யாரும் கூப்பிடாமல் நாயகம் வந்தார். நிமிர்த்தி ஷெட்டில் நிறுத்தியிருந்த வண்டியை மறுபடி ஒரு கல்மேல் ஏற்றச் சொல்லி, அதிகாரியின் கையிலேயே தாளைக் கொடுத்தார். அதிகாரி தள்ளினார். தாள் போனது.

"யார் செஞ்சது இது?"

நாயகம் என்னைக் காட்டினார். "படம் சார் போட்டாரு. வாணாம்னு நான் சொன்னேன். கேட்டுகினுதான் இருந்தாரு."

பாஷா தப்பித்தார். முழுப் பழியையும் ஏழுமலை என் தலையில் கட்டி அன்றே வெளியே அனுப்பினார். அதற்குப் பிறகு இந்த ஊரில் எந்தக் கம்பெனியும் என்னைப் பொறியாளராக எடுக்கவில்லை. இன்று ஒரு தனியார் டுடோரியலில் கணிதம் நடத்துகிறேன். இந்தப் பத்து வருடத்தில் நாயகத்திடம் ஒரே ஒருமுறைதான் பேசினேன். சானடோரியம் பஸ் நிறுத்தத்தில் பார்த்து, "வண்டியைப் பத்தி மட்டும் சொல்லியிருக்கலாமே, என் பேரை எதுக்குச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"பாஷா பேர நீங்க சொல்லாம இருந்தீங்களா சார்?" என்றார். பஸ் வந்தது, ஏறிப்போய்விட்டார். மன்னித்துவிட்டதாக ஒரு சொல் இல்லை. நானும் அவரை மன்னிக்கவில்லை.

இரங்கல் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது ஏழுமலையின் புதிய பிக்கப் வாசலில் நின்றது. பழையதைவிட உயரம். சந்து குறுகல் என்பதால் முன்சக்கரம் ஒன்று ஜல்லிக் குவியல்மேல் ஏறியிருந்தது. குவாரிப் பெண்கள் பின்பக்கம் ஏறிக்கொண்டிருந்தார்கள். கன்னியம்மா ஒற்றைக் கையால் தன் மகளைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். அந்த மகளும் இப்போது குவாரியில்தான் கல் சுமக்கிறாள்.

கையில் அந்த நோட்டீஸ் இருந்தது. குனிந்து அதே பக்கத்துப் பின்சக்கரத்துக்கு அடியில் தள்ளினேன். நாயகத்தின் படமும் பண்பாளர் பட்டமும் தடையில்லாமல் மறுபக்கம் போயின.

"இதுல ஆள ஏத்தாதீங்க" என்றேன். என் குரல் இவ்வளவு உரக்க வரும் என்று எனக்கே தெரியாது.

"இன்னா இன்ஜினியர், செத்தவன் உன் மேல வந்துட்டானா?" என்றார் ஏழுமலை. அவரோடு நின்ற உங்களில் சிலர் சிரித்தீர்கள். அதே சிரிப்பு.

கன்னியம்மா சிரிக்கவில்லை. மறுபக்கம் போய்க் கிடந்த தாளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "இத்த அன்னிக்கே சொல்லிருக்கலாம் இல்ல?" என்றாள். பிறகு வண்டியின் பக்கவாட்டைத் தட்டி, "எறங்குங்கடி, பஸ்ல போலாம்" என்றாள். ஏறியிருந்த ஏழு பேரும் இறங்கினார்கள்.

நோட்டீஸைப் பொறுக்கி மண்ணைத் தட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நாயகத்தின்மேல் எனக்குள்ள கசப்பு அப்படியேதான் இருக்கிறது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு வாக்கியம்தான். அதை உரக்கச் சொல்ல எனக்குப் பத்து வருடங்களும் ஒரு பெண்ணின் கையும் ஆகியிருக்கின்றன.