இளநீர் தண்ணீரில்லை என்றாள்

தமிழ்ச்செல்வியின் கட்டைவிரல் கத்தரிக்கோலின் வளையத்துக்குள் நுழையவில்லை. எங்களுக்குத் தெரிந்த முதல் அறிகுறி அதுதான். பெரம்பலூர் பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருந்தாள். ரவிக்கைத் துணியோடு அரியலூரிலிருந்து பஸ் ஏறி அவளைப் பார்க்கப் போயிருந்தேன்.

"எவனோ வளையத்த நசுக்கி வச்சிருக்கான்டி" என்றாள். வளையம் நன்றாகத்தான் இருந்தது. விரல்தான் வீங்கியிருந்தது. முகமும் ஊதிப்போய்க் கண்கள் சிறுத்திருந்தன. சொன்னேன். "சதை போட்டிருக்கேன், பொறாமப்படாத" என்று சிரித்தாள்.

நாங்கள் இருவரும் அரியலூரில் பள்ளி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். நான் ஏலாக்குறிச்சிப் பக்கம், அவள் அரும்பாவூர். நான் ஆசிரியை ஆனேன். அவள் கல்யாணமாகி, ஒத்துப்போகாமல் பிரிந்து வந்து, தையல் மெஷின் போட்டு, அம்மா அஞ்சலையைத் தன்னோடு கூட்டிவந்து வைத்துக்கொண்டாள். பிள்ளை இல்லை. அவசரத்துக்குக் கூப்பிட அவளுக்கு இருந்தது நான் ஒருத்திதான்.

இதை நான் நோயாளிகளுக்காக எழுதவில்லை. தன் நோயைத் தானே ஊட்டி வளர்க்கும் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்களே, உங்களுக்காக எழுதுகிறேன். சொன்னதைக் கேட்கும் நோயாளிக்கு ஊரே ஓடிவந்து உதவும். கேட்காத நோயாளிக்கு யாராவது ஒருவர்தான் மிஞ்சுவார். அந்த ஒருவரின் நிலைமை பற்றி யாரும் பேசுவதில்லை.

இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு இரத்தத்தில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதைக் காட்டும் அளவு) எக்கச்சக்கமாக இருந்தது. டாக்டர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். கதை வெளியே வந்தது. அவளுக்குப் பல வருடமாக இரத்தக் கொதிப்பு. அதனால் தலைவலி. கொதிப்புக்குக் கொடுத்த மாத்திரையை, "தெனம் போட்டா ஒடம்பு பழகிடும்" என்று நிறுத்திவிட்டாள். தலைவலிக்கு மட்டும் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி, கடலை மிட்டாய் மாதிரித் தின்றிருக்கிறாள். இரண்டுமாகச் சேர்ந்து சிறுநீரகங்களைத் தீர்த்துவிட்டன.

வெளியே வந்ததும் என் தோளில் சாய்ந்து அழுதாள். "ஊர்ல எல்லாருந்தான் வலி மாத்திரை போடுறாங்க. எனக்கு மட்டும் ஏன்டி மேரி?" நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அதே கையால் ஓங்கி ஒன்று வைக்கவும் தோன்றியது. அழுகிறவளை அடிக்கத் தோன்றுகிறதே என்று என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. உங்களுக்கும் அப்படித் தோன்றினால் பயப்படாதீர்கள். அன்பு குறைந்துபோய்விட்டதாக அதற்கு அர்த்தமில்லை.

டயாலிசிஸ் (இரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து, மறுபடி உடம்புக்குள் செலுத்துவது) ஆரம்பமானது. வாரத்தில் திங்களும் வியாழனும். இடது கையில் ஃபிஸ்டுலா (ஊசி குத்த வசதியாகத் தமனியையும் சிரையையும் இணைத்துவைக்கும் சிறு அறுவைச் சிகிச்சை) போட்டார்கள். அந்த இடத்தைத் தொட்டால் உள்ளே வண்டு ஒன்று இரைவதுபோல் அதிரும். "கேளு, என் மெஷின் ஓடுது" என்று என் விரலை எடுத்து வைத்துக் காட்டுவாள்.

அவளுக்குச் சிறுநீர் நின்றுபோயிருந்தது. குடிப்பதெல்லாம் உள்ளேயே தேங்கும். அதனால் தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும். உப்பைக் குறைத்தால் தாகமும் குறையும் என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். அவளோ ஊறுகாய் இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காது என்பாள். அப்புறம் தாகம். அப்புறம் தண்ணீர். அப்புறம் மூச்சு முட்டி, உட்கார்ந்த மேனிக்கே தூங்கி, மறுநாள் எனக்குப் போன். நான் வகுப்பை விட்டுவிட்டு, சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகும் பஸ்ஸில் அவளிடம் போவேன்.

அஞ்சலை அம்மா ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளர் வாங்கிவந்து அதில்தான் தண்ணீர் கொடுப்பார். மகளோ தையல் மெஷினின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு அடியில், ஒரு தண்ணீர் பாட்டில் ஒளித்துவைத்திருந்தாள். நான் அதைக் கண்டுபிடித்த நாளில் பெரிய சண்டை.

"சத்தியம் பண்ணியே, என் தலையில அடிச்சு!" என்றேன்.

"தாகம்னா என்னன்னு ஒனக்குத் தெரியாதுடி. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும். கொழாயில தண்ணி சொட்டுற சத்தம் கேட்டா அழுக வரும். நீ சொம்பு நெறைய குடிச்சிட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்குற."

அவள் சொன்னது உண்மைதான். பாட்டிலை ஒளித்ததும் உண்மைதான். திட்டினால் இன்னும் நன்றாக மறைப்பாள், திட்டாவிட்டால் கூடுதலாகக் குடிப்பாள். இதற்கு மருந்து எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. அவள் என் தலையில் அடித்துச் செய்த சத்தியத்துக்கெல்லாம் பலன் இருந்திருந்தால் என் தலை எப்போதோ சுக்குநூறாகியிருக்கும்.

உணவு பற்றிச் சொல்லித்தரும் சிஸ்டர் ஒருநாள் எங்களை உட்காரவைத்துப் பொட்டாசியம் (இதயத் துடிப்பை ஒழுங்காக வைத்திருக்கும் ஓர் உப்பு, சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது தேங்கி, அளவு மீறினால் இதயத்தையே நிறுத்திவிடும்) பற்றி விளக்கினார். "வாழைப்பழம் வேணாம். இளநி தொடவே கூடாது. தண்ணி ஒரு வாய் கூடுதலாக் குடிச்சிட்டாலும் மெஷின் எடுத்துரும். இளநி அப்படி இல்ல" என்றார். அஞ்சலை அம்மா அப்போது டிபன் வாங்கக் கீழே போயிருந்தார். தமிழ்ச்செல்வி, "நான் இளநிய ஏறெடுத்தும் பாக்கறதில்ல சிஸ்டர்" என்றாள். பக்கத்தில் நான் இருந்தேன்.

அம்மாவே தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுக்க முன்வந்தார். வெங்காயக் காட்டில் குனிந்து குனிந்து வேலை செய்த கெட்டி உடம்பு. பரிசோதனைகள் எல்லாம் பொருந்தின. கடைசியாகத் திருச்சியில் அறுவைச் சிகிச்சை டாக்டர் முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டார்.

"ஒரு வேளகூட தவறுனதில்ல சார்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க டீச்சர்."

மேஜைக்கு அடியில் அவள் கால் என் காலை அழுத்தியது. பள்ளிக்கூடத்தில் காப்பியடிக்கும்போது அழுத்துகிற அதே அழுத்தல். நான் அஞ்சலை அம்மாவைப் பார்த்தேன். அவர் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, கூலி வாங்க நிற்பவர்போல் அடக்கமாக உட்கார்ந்திருந்தார். வெட்டப்போவது அவர் வயிற்றை.

"இல்லைங்க சார். பாதி நாள் போடுறதில்ல. டயாலிசிஸும் அப்பப்ப தவறுது" என்றேன்.

டாக்டர் கோபப்படவில்லை. மாற்றுச் சிறுநீரகம் வைத்த பிறகு மாத்திரையை விட்டால் உடம்பே அதை எதிரியாக நினைத்து அழித்துவிடும் என்று விளக்கினார். "அம்மாகிட்ட ரெண்டாவது தடவ கேக்க முடியாதும்மா. ஆறு மாசம் ஒழுங்கா இருந்து காட்டுங்க. நானே கூப்புடுறேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். பெரம்பலூர் நெருங்கும்போது, "என் சாவுக்கு நாள் குறிச்சிட்டடி" என்றாள். அவ்வளவுதான். அதன்பின் பல வாரம் என் போனை எடுக்கவில்லை. நான் அஞ்சலை அம்மாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தேன். உண்மை பேசியதற்காக எனக்கு ஒரு நிமிடம்கூடப் பெருமையாக இருந்ததில்லை.

அந்த இடைவெளியில்தான் அவள் சிறுவாச்சூர் காளிக்கு வேண்டிக்கொண்டாள். அந்தக் கோயில் வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். ஆபரேஷன் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று திங்கள்தோறும் வருவதாக நேர்ந்துகொண்டாள். அவளுடைய டயாலிசிஸ் நாளும் திங்கள். சிறுநீரகம் கிடைக்க வேண்டும் என்று கோயிலுக்குப் போவதற்காக, சிறுநீரகம் கிடைக்க எதைத் தவறவிடக் கூடாதோ அதைத் தவறவிட ஆரம்பித்தாள். விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டே கிணற்றில் விழுவது என்பார்கள், அதைக் கண்ணால் பார்த்தேன்.

நான் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி. "கோயிலுக்குப் போகாதே" என்று நான் சொன்னால் அது வேறு விதமாகப் போகும். "வெள்ளிக்கிழமை போயேன்" என்று அம்மா மூலம் சொல்லிப் பார்த்தேன். "திங்கள்னு சாமிகிட்ட சொல்லிட்டேன். வாக்கு மாற முடியாது" என்று பதில் வந்தது. மனிதர்களிடம் கொடுத்த வாக்கை எல்லாம் காற்றில் விட்டவள். கடைசியில் நான் ஆஸ்பத்திரியில் போய்க் கெஞ்சி, அவள் முறையைச் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் மாற்றி வாங்கினேன். அன்று சாயங்காலம் அவளே போன் செய்தாள். "திமிரு புடிச்சவளே, நாளைக்கு வூட்டுக்கு வா, கருவேப்பிலைத் தொவையல் அரைக்கிறேன். உப்பு கம்மியாத்தான்" என்றாள்.

அதன்பின் வந்த மாதங்கள் நன்றாக இருந்தன. டயாலிசிஸ் ஒன்றுகூடத் தவறவில்லை. நான் போகிற நாளெல்லாம் மாத்திரைகளை என்னிடம் வாய் திறந்து காட்டிவிட்டு விழுங்குவாள். வீக்கம் வடிந்தது. கத்தரிக்கோல் வளையத்துக்குள் விரலை நுழைத்து என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினாள். திருச்சி டாக்டர், இப்படியே போனால் சீக்கிரம் தேதி வைத்துவிடலாம் என்றார்.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு திங்கட்கிழமை. கோயிலில் கும்பிட்டுவிட்டு அம்மாவும் மகளும் நெடுஞ்சாலைக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார்கள். அளந்து கொண்டுவந்த தண்ணீரைக் கோயிலிலேயே குடித்து முடித்திருந்தாள். எதிரே இளநீர் வண்டி. அம்மா தயங்கியிருக்கிறார்.

"இளநி தண்ணி இல்லம்மா. கிட்னிக்குக் குளிர்ச்சி. டாக்டரே குடிக்கச் சொல்லிட்டாரு" என்றாளாம்.

ஆசையாகக் கேட்ட மகளுக்கு மறுக்காமல் கொடுக்க ஏதோ ஒன்று கிடைத்ததே என்று அம்மாவுக்கு அத்தனை சந்தோஷம். தன் கையால் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இன்னொன்று கேட்டாள். அதையும் வாங்கிக் கொடுத்தார்.

வீடு வந்த சிறிது நேரத்தில் கால்கள் கனத்து, எழுந்திருக்க முடியவில்லை. வெயிலில் அலைந்த அசதி என்று நினைத்திருக்கிறார்கள். பிறகு பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பைப் படமெடுத்துப் பார்த்ததுமே பொட்டாசியம் என்று சொல்லி ஊசி போட்டார்கள். இயந்திரத்தில் இணைப்பதற்குள் இதயம் நின்றுவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அஞ்சலை அம்மா வராந்தா பெஞ்சில், நெற்றியில் கோயில் குங்குமத்தோடு, அந்தச் சின்ன டம்ளர் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே போய்த் தமிழ்ச்செல்வியின் இடது கையைத் தொட்டேன். வண்டின் இரைச்சல் நின்றிருந்தது.

டயாலிசிஸ் முறையைத் திங்களிலிருந்து மாற்றியது தப்பா என்று டாக்டரிடம் பிறகு கேட்டேன். "நாள் காரணமில்ல டீச்சர், இளநிதான்" என்றார். நம்புகிறேன். ஆனால் இப்போதும் திங்கட்கிழமை என்றால் எனக்குப் பகல் நகர்வதில்லை. பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே என் விரல்கள் என் இடது மணிக்கட்டுக்குப் போய்விடுகின்றன. அங்கே சாதாரண நாடி மட்டும் துடிக்கிறது. அது எனக்குப் போதாததுபோல் இருக்கிறது.

அவள் மேல் கோபம் தீரவில்லை. செத்துப்போனவளிடம் கோபப்படக் கூடாது என்கிறார்கள். எனக்கு அப்படி வரவில்லை. பெற்றவளிடம் பொய் சொல்லி, பெற்றவள் கையாலேயே வாங்கிக் குடித்தாளே என்று வயிறு எரிகிறது. அடுத்த நிமிடமே, அந்த வெயிலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்ட நின்றாளே என்று அழுகையும் வருகிறது. இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும் என்று காத்திருக்கிறேன்.

காரியமெல்லாம் முடிந்து, கடையைக் காலி செய்ய உதவிக்குப் போயிருந்தேன். அஞ்சலை அம்மா துணிகளை மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"ஏம்மா மேரி, இளநி ஆகாதுன்னு அவளுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொன்னால் மகள் அப்பாவியாகப் போயிருப்பாள். ஆனால் மீதிக் காலம் முழுக்க, தெரியாத பிள்ளைக்குத் தன் கையால் விஷம் கொடுத்தவளாக இந்த அம்மா இருப்பார். மேஜைக்கு அடியில் என் காலை அழுத்த யாரும் இல்லை.

"தெரியும்மா. நல்லாத் தெரியும். சிஸ்டர் சொல்லும்போது நானும் கூட இருந்தேன்."

அவர் கையிலிருந்த துணியை மடித்து முடித்தார். அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார்.

"அப்ப எங்கிட்ட பொய்தான் சொல்லியிருக்கா."

"ஆமாம்மா."

எடுத்த துணியைக் கீழே வைத்துவிட்டு, புடவைக்கு மேலாகவே இடுப்பின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார். டாக்டர்கள் கோடு போட்டுக் காட்டியிருந்த இடம்.

"அவளுக்குன்னு வச்சிருந்தது கண்ணு. இன்னும் இங்கனதான் கெடக்கு. நான் குடிக்கிற தண்ணியெல்லாம் அது பாட்டுக்கு வடிச்சிக்கிட்டே இருக்கு."

அவர் எழுந்து உள்ளே போய், வெயிலில் வந்த பிள்ளை என்று எனக்குத் தண்ணீர் மொண்டுவந்தார். பெரிய சொம்பு நிறைய இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்க, நான் முழுவதையும் குடித்தேன்.